சிவப்புக் குச்சி

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் நலம். நீ ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. போன் போட்டால் "பிஸி அண்ணி, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. நான் ஏதாவது சொல்லிப் புண்படுத்திவிட்டேனா என்று யோசித்து மண்டை காய்கிறது. உன் அண்ணனிடம் கேட்டால், "அவ பேசாம இருக்காளேன்னு சந்தோஷப்படு" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வருகிறது.

ஆராய்ச்சி நிலையத்திலும் நிம்மதி இல்லை. பசுமைக்குடிலில் இருபது தக்காளித் தொட்டிகள் பார்த்தாயே, நடுவில் பலகை வைத்துத் தடுத்தவை? ஒவ்வொரு செடியின் வேரையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தினமும் தண்ணீர், மறு பக்கம் சொட்டுக்கூடக் கிடையாது. காய்ந்த பக்கத்து வேர் ஒரு ஹார்மோனைத் தண்டு வழியாக மேலே அனுப்பும். அது வந்து சேர்ந்ததும் இலையின் அடியில் இருக்கும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். இத்தனைக்கும் இலையில் தண்ணீர் குறைந்திருக்காது. பின்னால் தட்டுப்பாடு வரும் என்று முன்கூட்டியே வாயைக் கட்டுகிற ஜாதி அது. அதைத்தான் நாள்தோறும் அளந்துகொண்டிருந்தேன்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் எட்டுச் செடிகளில் துளைகள் திறந்து கிடந்தன. மண்ணைத் தொட்டால் காய வேண்டிய பக்கமெல்லாம் ஈரம். தண்ணீர் விடுவது பைப் அண்ணன் ஒருவர்தான். ஆத்திரத்தில் நானே அவர்மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். "நான் ஊத்தலைம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிறார். 15ஆம் தேதி விசாரணை. வேலை போய்விடும் என்றுதான் பேச்சு. அவர் கணக்கு தப்பாதவர், பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீயாவது இரண்டு வரி எழுது.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

தண்ணீர் ஊற்றியது நான்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் பாதியிலேயே "போகட்டும் விடு" என்று முடித்துவிடுவீர்கள், நானும் தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை அப்படியே உங்கள் இயக்குநரிடம் காட்டுங்கள்.

துளைகள் திறந்து கிடந்தன என்றீர்களே, அதற்கு முந்தின நாள் காலை என்னைப் பசுமைக்குடிலில் உட்காரவைத்துவிட்டு மீட்டிங் போனீர்களே, அப்போதுதான். மணி பதினொன்றரை. ஒவ்வொரு தொட்டியிலும் பாதி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் விடுகிற ஆள் சோம்பேறி போலிருக்கிறது, எட்டின பக்கம் மட்டும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். காய்ந்த பக்கமெல்லாம் சிவப்புக் குச்சி வேறு நட்டிருந்தது. எங்கள் பல் ஆஸ்பத்திரியில் சிவப்புச் சீட்டு ஒட்டினால் அவசரம், உடனே கவனி என்று அர்த்தம். வாளியும் குவளையும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. எட்டாவது தொட்டி முடிக்கும்போது உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. நல்லது செய்த திருப்தியில் குவளையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "எவன்னு தெரிஞ்சா கையை உடைப்பேன்" என்றீர்கள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது அண்ணி, வெளியே வரவில்லை. நாள் முழுக்க "வாயைத் திறங்க" என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். உங்கள் ஆறு மாத வேலையைக் கெடுத்துவிட்டேனே, இனி என்னைத் தங்கை மாதிரி பார்ப்பீர்களா என்ற பயம்.

செடிதான் போயிற்று என்று நினைத்திருந்தேன். ஒரு மனுஷருக்கு வேலை போகும் என்று சத்தியமாகத் தெரியாது. அவரைக் காப்பாற்றுங்கள். என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

உங்கள்,
வாயாடி

மார்ச் 14

என் அருமை வாயாடிக்கு,

திட்டுவதை முதலில் முடித்துவிடுகிறேன். லூசு. முடிந்தது.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. படித்துவிட்டுச் செருப்புகூட மாற்றாமல் இயக்குநர் அறைக்கு ஓடினேன். அவர் இரண்டு முறை படித்தார். 'இங்கே தண்ணீர் விடாதே' என்று நாங்கள் நட்ட சிவப்புக் குச்சி வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், சிரிப்பை அடக்கத்தான். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். விசாரணை இல்லை. எனக்குத்தான் நல்ல டோஸ் விழுந்தது, வாங்கிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அங்கிருந்து நேராகப் பைப் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டு, உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சோம்பேறி என்ற வரியை மட்டும் தாண்டிவிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்குத் தெரியும்மா. வெளியில நின்னு கண்ணாடி வழியாப் பார்த்தேன். நீங்க சொல்லித்தான் ஊத்துதுன்னு நினைச்சேன். மறுநாள் நீங்க கத்தினப்போதான் புரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லலை?"

"அந்தப் பொண்ணு ஒவ்வொரு செடியா இலையைத் தடவிக் கொடுத்து ஊத்துச்சு. அதைப் போய் எப்படிக் காட்டிக் குடுக்கறது? உங்க வீட்டுப் பொண்ணு வேற."



செடிகளைப் பற்றிக் கவலைப்படாதே. மிச்சம் பன்னிரண்டு போதும். நீ நேரத்தைச் சொன்னதால் இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீர் கிடைத்த அன்று மாலை அளந்தபோது அந்த எட்டும் மூடித்தான் இருந்தன. மேலே போய்ச் சேர்ந்த ஹார்மோன் வடிய நேரம் பிடிக்கும் அல்லவா, மறுநாள்தான் திறந்தன. ஆராய்ச்சிக் குறிப்பில் உன்னை "வெளியாள்" என்று எழுதியிருக்கிறேன். மனசிலும் அப்படி நினைத்தேன் என்று மட்டும் எண்ணிவிடாதே.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்து, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று பதறி ஓடி வந்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க, அதான் அழறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நேராக வீட்டுக்கு வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் பைப் அண்ணனைப் பார்க்க வேண்டும். நீங்கள் தாண்டிய அந்த வரியை நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம் அண்ணி, சொல்லாமல் வைத்துக்கொண்டு ஒரு தடவை பட்டதே போதும்.

உங்கள்,
வாயாடி