படபடப்பு ரத்தத்தில் தெரியுமா

ஜூன் 12, 2007, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே காற்று, தூறல். எங்கள் பனியன் யூனிட்டில் பேக்கிங் முடிக்க வேண்டிய நாள். இன்றைக்கென்று பார்த்து மறுபடி வந்துவிட்டது. நெஞ்சு படபட, மூச்சு முட்டல், இதோ சாகப்போகிறேன் என்ற பயம். செக்கிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே போய்விட்டது.

வீட்டுக்காரர் வழக்கம்போல: "ஈசிஜி நார்மல்னு சொல்லீட்டாங்கல்ல? எல்லாம் மனசு புள்ள. தைரியமா இருக்கோணும்."

தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னால் வாங்கிக்கொள்வேன்.

ஜூன் 15, வெள்ளி

ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும் என்று முன்பே சொன்னதால் வெறும் வயிற்றோடு கோவை. மனநல டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "இதுக்குப் பேரு பேனிக் டிசார்டர்." ஒரு பேர் இருக்கிறது! அழுதுவிட்டேன்.

மாத்திரை தொடங்கும் முன் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று ஒன்றாம். உடம்புக்குள்ளே செல்கள் கெட்டுப்போவது. பயத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்கள்.

"ரிப்போர்ட் எப்பங்க வரும்?"

"இது வியாதியைக் கண்டுபிடிக்கற டெஸ்ட் இல்லம்மா. நிறைய பேரோட ரத்தத்தை, தொந்தரவு இல்லாதவங்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாக்கறோம். தனியா உங்களுக்குன்னு எதுவும் சொல்ல முடியாது."

சே! ஒரு காகிதம் கிடைத்தால் வீட்டுக்காரர் மூஞ்சிக்கு நேரே நீட்டலாம் என்றிருந்தேன்.

தொந்தரவு இல்லாதவர்கள் தேவையாம். "உங்க வீட்டுக்காரர் வருவாரா?"

ஜூன் 17, ஞாயிறு

கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று. மிளகு இல்லை. இஞ்சி இல்லை.

டாக்டரம்மா கேட்டதை அவரிடம் சொன்னேன். "எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறேன். வர்றேன்." அதில் ஒரு பெருமை வேறு.

ஜூன் 18, திங்கள்

டாக்டரம்மா அவரை ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பக்கத்தில். சிகரெட்? இல்லீங்க. சர்க்கரை? இல்லீங்க.

"காரணமே இல்லாம திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, செத்துருவோம்னு பயம் வந்திருக்கா?"

அவர் தரையையே பார்த்தார்.

"வருமுங்க. காதர்பேட்டை பனியன் மார்க்கெட் கூட்டத்துக்குள்ள போனா வருமுங்க. அதனாலதான் சரக்கைத் தம்பிகிட்டக் குடுத்தனுப்பறது."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "அப்ப தொந்தரவு இல்லாதவங்களோட உங்களைச் சேக்க முடியாதுங்க. அடுத்த வாரம் நீங்களும் வந்து காட்டுங்க."

தைரியம் தைரியம் என்று என் உயிரை வாங்கிய மனுஷன்! பஸ்ஸில் அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அவிநாசி தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏம்புள்ள, அது வந்தா நீ என்ன பண்ணுவே?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"முருகா முருகாம்பேன். நீங்க?"

"ஓடீருவேன். ஒருக்கா செருப்பைக்கூட உட்டுப்போட்டு ஓடியாந்துட்டேன்."

சிரிப்பு வந்துவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை.