கார் நின்ற நாளில் ஐம்பத்தேழு கோல்

வெள்ளவத்தை,
திங்கட்கிழமை பிற்பகல்.

அன்பு மகள் மயூரிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு நானும் அம்மாவும் சுகம், அங்கு நீயும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். உன் சுகத்தை விசாரிக்கவே பயமாயிருக்கிறது, விசாரிப்பதில் நாங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது போன மாதம் பிரான்ஸ் வரைக்கும் தெரிந்துபோயிற்று. மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் காலையில் ‘நலம்’ என்று ஒரு சொல் அனுப்புகிறாய். அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தரம் வாசிக்கிறார், பிறகு போனை என்னிடம் நீட்டி, இதுக்குள்ள வேற ஏதும் எழுதியிருக்கோ, வடிவாப் பாருங்கோ என்கிறார். ஒரு சொல்லுக்குள் நான் என்னத்தைத் தேட? குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டும் நீ போய்விட்டாய். ஆகவே கடிதம். கடிதம் வந்தால் உன் போனில் சார்ஜ் இறங்காது பார். நம் மாடிவீட்டுக்குக் கீழே போன் கடை வைத்திருக்கிற அஷ்ரப்பின் மச்சான் இந்தக் கிழமை லண்டன் வருகிறார், அவர் கையில் அம்மாவின் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். பிரித்ததும் தும்மினால் அது தூளின் குற்றம், கடிதத்தின் குற்றமல்ல.

நீ கோபித்தது நியாயம் என்பதை முதலே எழுதிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கொம்பனியில் அடிபட்ட வாகனங்களைப் பார்த்து, பிழை யார் பக்கம் என்று அறிக்கை எழுதினவன் நான். அந்தப் பழக்கத்தில் உன் கார் நின்ற கதையையும் ஒழுங்காக எழுதிப் பார்த்தேன். அன்று சனிக்கிழமை, எங்களுக்குக் காலை பதினொரு மணி, உனக்கு ஏழரை. உன் பள்ளிக்கூடத் தோழி தாரிகாவுக்குப் பரிஸில் கல்யாணம், பன்னிரண்டு மணிக்கு முகூர்த்தம், தாலி கட்டும்போது பக்கத்தில் நிற்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு லண்டனிலிருந்து விடியமுன்னம் தனியே வெளிக்கிட்டிருக்கிறாய். வழியில், பரிஸுக்கு இன்னும் இரண்டு மணி நேர ஓட்டம் இருக்கையில், கரண்ட் எல்லாம் அறுந்து கார் செத்து நின்றுவிட்டது. நீ செய்ததெல்லாம் சரி. காரை ஓரம் கட்டினாய், இறங்கமுன்னமே மஞ்சள் அங்கியைப் போட்டாய், தடுப்புக்கு அப்பால் போய் நின்றாய், அங்கே கம்பத்திலிருந்த செம்மஞ்சள் போனில் இடத்தைச் சொன்னாய், லண்டன் இன்சூரன்ஸ்காரருக்கும் அறிவித்தாய். அவர்கள் பரிஸுக்கு டாக்ஸி பிடித்துத் தருகிறோம், திருப்பிப் போன் எடுப்போம், லைனைச் சும்மா வைத்திரு என்றார்கள். உன் போனில் பதினெட்டு வீதம் சார்ஜ் இருந்தது. அதற்குப் பிறகு நீ ஒரேயொரு பிழை விட்டாய். எங்களுக்குச் சொன்னாய்.

கார் நிண்டிட்டுது, நான் ஓகே, உதவி வருகுது என்று எழுதியிருந்தாய். மூன்று செய்தி. நாங்கள் முதலாவதை மட்டும் வாசித்தோம். அம்மா எடுத்த முதல் போன் கோலில் கேட்டது சாப்பிட்டியா என்று. இரண்டாவதில், வெளிக்கிடேக்க கண்ணூறு படாமச் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சனியோ என்று. மூன்றாவதில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரன்ர வாகனத்தில ஏறிப்போடாத என்று. இழுவை லொறிக்காரர் மட்டும் முன்பின் தெரிந்த யாழ்ப்பாணத்தவராக எங்கிருந்து வருவார் என்று நீ கேட்டதற்கு அம்மா அழத் தொடங்கிவிட்டார். தெஹிவளையிலிருக்கிற புஷ்பராஜ் மாமாவை உனக்குத் தெரியும்தானே, அம்மாவின் தம்பி, ஆள் நல்லவர், கையில் போன் இல்லாதவரைக்கும். மஞ்சள் அங்கியோடு நீ அனுப்பிய படத்தை அவர் அறுபத்திநாலு பேர் இருக்கிற சொந்தக்காரர் குழுவில் போட்டு, மயூரிக்குப் பிரான்சில் விபத்து, எல்லோரும் பிரார்த்தியுங்கோ என்று எழுதிவிட்டார். அரை மணித்தியாலத்தில் கனடாவிலிருந்து எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். சுவிசிலிருந்து ஒருவர் கும்பிடுகிற கைகள் இரண்டும் வாடின பூ ஒன்றும் அனுப்பியிருந்தார். அவர்கள் எல்லோரும் உறுதிப்படுத்திக்கொள்ள உனக்குத்தான் கோல் எடுத்தார்கள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று உன் வாயாலேயே கேட்டுவிட்டு, கவனமா இரு பிள்ளை என்று சொல்லிவிட்டு வைத்தார்கள்.

இனி என் பங்கு. கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கிற ரொனியை உனக்கு ஞாபகமிருக்கும், நம் பழைய காரை ஒவ்வொரு மாதமும் திருத்தி ஒருபோதும் திருத்தி முடிக்காதவர். அவரை ஒரு போனிலும் உன்னை மற்றப் போனிலும் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டேன். ரொனி, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க அண்ணே, சத்தத்தக் கேட்டா இங்கயிருந்தே சொல்லிருவன் என்றார். ஸ்டார்ட் வந்தால் நீ ஏன் அங்கே நிற்கிறாய் என்ற யோசனை அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணி ஊற்றச் சொன்னார். பிறகு பொனட்டைத் திறந்து வீடியோவில் காட்டச் சொன்னார். நீ, அப்பா, தடுப்பைத் தாண்டி றோட்டுப் பக்கம் போகக்கூடாது எண்டு ரூல் இருக்கு என்றாய். நான், ரூல் கிடக்கட்டும், நான் சொல்றதைச் செய் என்று கத்தினேன். நூற்று முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஓடுகிற பாதையில் என் பிள்ளையை இறங்கச் சொல்லி நான்தான் கத்தினேன் மயூரி. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அறிக்கையில் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். நீ என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்காக இப்போது ஒவ்வொரு நாளும் கும்பிடுகிறேன்.

கூச்சல் கேட்டு அஷ்ரப் மேலே வந்தார். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, சேர், புள்ளட போன்ல சார்ஜ் எவ்வளவு ஈக்கி என்று கேட்டார். ஒன்றரை மணித்தியாலமாக நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. உன்னிடம் கேட்பதற்காக உடனே இன்னொரு கோல் எடுத்தேன். எல்லோரும் எடுத்ததைச் சேர்த்தால் அதுதான் ஐம்பத்தேழாவது. அதோடு உன் போன் செத்தது. இன்சூரன்ஸ்காரர் அந்த நேரமெல்லாம் எடுத்து எடுத்து, லைன் பிசி என்று விட்டுவிட்டார்களாம். இழுவை லொறிக்காரர் உன்னை ஏதோ ஒரு ஊர்க் கராஜில் கொண்டுபோய் இறக்க, ஆங்கிலம் தெரியாத ஆளின் போனில் கையால் அபிநயம் பிடித்து நீ டாக்ஸி எடுத்துப் பரிஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரமாம், தாலி கட்டி, பந்தி முடிந்து, மண்டப வாசலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்களாம். எங்கள் பக்கத்தில் குறை இல்லை என்று அம்மா இன்னமும் சொல்கிறார், பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்தபடியால்தான் டாக்ஸியாவது கிடைத்ததாம். அன்று இரவு நீ அழுதழுது சொன்னாய், அப்பா, இனி கார் நிண்டாலும் என்ர மூச்சே நிண்டாலும் உங்களுக்குச் சொல்லமாட்டன் என்று. அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு கிழமை உன்மேல் கோபமாயிருந்தேன். பெற்றவர்களுக்கு மறைக்கிற பிள்ளையா என்று அம்மாவிடம் பெரிதாகக் கதைத்தேன். அம்மா தன் மருந்துப் பெட்டியைத் திறந்து மத்தியானக் குளிசையைப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிள்ளை, அந்தக் குளிசை என்னவென்று உனக்குத் தெரியாது. போன வருடம் பங்குனியில் அம்மாவும் பக்கத்து வீட்டு இமெல்டா அன்ரியும் கதிர்காமம் போய்விட்டார்கள், அங்கே சிக்னல் இல்லை என்று சொன்னேனே, அம்மா கதிர்காமம் போகவில்லை. நெஞ்சு வலி வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், இரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். இமெல்டா அன்ரி சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, கதிர்காம முருகனிட்ட ஏன் போனவ என்று நீ கேட்டுவிடுவாயோ என்று பயந்துகொண்டே இருந்தேன், நீ கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஊசி குத்தின கையைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் அம்மா உன்னோடு வீடியோவில் கதைத்தார். மெலிஞ்சு வடிவா இருக்கிறியள் அம்மா என்று நீ சொன்னாய். பிள்ளை பயந்திடும் என்பதுதான் எங்கள் நியாயம். உனக்குக் கார் நின்றால் எங்களுக்கு நிமிடத்துக்கு நிமிடம் தெரியவேண்டும், அம்மாவின் நெஞ்சு நிற்கப்பார்த்தால் உனக்குத் தெரியக்கூடாது. நல்ல சட்டம்! சத்திரசிகிச்சை நடந்த அன்று காலையில் நீ நாலு முறை கோல் எடுத்தாய். ஆஸ்பத்திரி நீள வாங்கில் குந்திக்கொண்டு நாலையும் நான் வெட்டிவிட்டேன். என் போனில் சார்ஜ் நிறைய இருந்தது.

இதை எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது முதலில் வேண்டாம் என்றார். பிறகு குசினியிலிருந்து வந்து, எழுதுங்கோ, ஆனா நான் மெலிஞ்சது ஆஸ்பத்திரிச் சாப்பாட்டாலதான், வேற வருத்தம் ஒண்டும் இல்லை எண்டும் எழுதுங்கோ என்றார். எழுதிவிட்டேன். இப்போது ஒவ்வொரு பின்னேரமும் கடற்கரை வீதியில் நடக்கிறார், எனக்கு முன்னால் நடந்துபோய்த் திரும்பி நின்று ஆமை நடை என்று என்னைப் பேசுகிறார், அவ்வளவு சுகம். புஷ்பராஜ் மாமாவுக்கு மட்டும் நீ இன்னும் உயிரோடு இருப்பது கொஞ்சம் ஏமாற்றம் போலத் தெரிகிறது, விபத்துச் செய்தியை அவர் இன்னமும் அழிக்கவில்லை.

நீ கேட்காவிட்டாலும் ஒரு உடன்படிக்கை எழுதுகிறேன். இனி உனக்கு எது நடந்தாலும் ஒரு வரி எழுது. நான் ஓகே என்று அதில் இருந்தால் நம்புவோம். திருப்பி ஒரு வரி மட்டும் எழுதுவோம், கோல் எடுக்கமாட்டோம், ரொனியைக் கூப்பிடமாட்டோம், மாமாவுக்கு மூச்சும் விடமாட்டோம். எங்களுக்கு எது நடந்தாலும் அதேபோல ஒரு வரி, கதிர்காமம் இல்லாமல். தாரிகாவிடம் எங்களுக்காக மன்னிப்புக் கேள், வெறுங்கையோடு போகாமல் ஏதும் வாங்கிக்கொண்டு போய்க் கேள். போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற சின்னப் பெட்டி ஒன்றை அஷ்ரப் இலவசமாகத் தந்தார், பார்சலில் இருக்கிறது, காரிலேயே கிடக்கட்டும், வீட்டுக்குள் கொண்டுபோகாதே. நீ எந்தப் பாதையில் போனாலும் பத்திரமாய்ப் போய்ச் சேர எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடு வரும்.

உன் அப்பா,
சிவானந்தன்.

உடன்படிக்கைப்படி முதல் வரி: இன்று காலை அம்மாவுக்குப் பிரஷர் சற்றுக் கூட, டொக்டர் மருந்தை மாற்றித் தந்தார், இப்போது நித்திரை, நாங்கள் ஓகே. கோல் எடுப்பதானால் எடு பிள்ளை, இந்த முறை வெட்டமாட்டேன்.