தொட்டியில் ஏறிய எண்ணெய்

லிஸ்நஸ்கீ,
நவம்பர் 24

என் செல்ல மருமகள் டெர்வ்லாவுக்கு,

ஃபெர்மனா மாவட்டத்தின் ஒப்பற்ற வீரனும், வாடகை வீட்டு மகாராஜாவும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமான ஃபெர்கஸ் மாமா ஆசியுடன் எழுதுவது.

முதலில் நல்ல செய்தி. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எரிகிறது! வீடு குளிர்ந்தால் உன் குழந்தை கியானின் நெஞ்சுச்சளிக்கு ஆகாது, ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டேன்.

நடந்ததைக் கேள். நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வருகிறீர்கள் என்று தெரிந்த நாள் முதல் பின்பக்கத்தில் பாய்லருக்கு இருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு நான்தான் காவல். தினமும் காலையில் குச்சியை விட்டு, எதுவரை நனைகிறது என்று பார்ப்பேன். திறந்து திறந்து மூட அலுத்துப்போய், மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அக்டோபர் முழுக்க மழை. நோவா பார்த்திருந்தால் இன்னொரு கப்பல் கட்டியிருப்பார்.

அப்போதுதான் அதிசயம் நடந்தது. பாய்லர் எரிய எரிய, குச்சியில் ஈரம் மேலே ஏறியது! வீட்டுக்காரர் வில்லி க்ரோசியர்தான் நான் இல்லாத நேரம் பார்த்து எண்ணெய் ஊற்றிவிட்டுப் போகிறார் என்று முடிவு கட்டினேன். தேவாலயத்தில்கூடப் புன்னகையை மிச்சம் பிடிக்கிற மனுஷன்! உருகிப்போய், உன் அம்மா சுட்டுக் கொடுத்த பழக் கேக்கைத் தகர டப்பாவோடு கொண்டுபோய்க் கொடுத்து, ரொம்ப நன்றி என்றேன். எதுக்கு என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை பாய்லர் மூன்று தரம் இருமிவிட்டுச் செத்தது. க்ரோசியர் வந்து, தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தார். கொட்டியது பார், சுத்தமான மழைத்தண்ணீர்.

"யோவ் ஃபெர்கஸ், இதுல எண்ணெய் வச்சிருக்கியா, மீன் வளக்கிறியா?"

"நீங்க ஊத்தினதுதானே, வில்லி?"

"நானா? என் கல்யாணத்துலயே நான் யாருக்கும் ஒரு சொட்டு ஊத்தினதில்லய்யா!"

"அப்ப அந்தக் கேக்கு?"

"நல்லாருந்துச்சு."

சொன்னவர் சேற்றில் குப்புறப் படுத்து மத்தியானம் முழுக்கத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தார். வடிகட்டியை மாற்றினார், பாய்லரைப் பற்றவைத்தார். மறுநாள் காலை பின்வாசலில் இரண்டு கேன் எண்ணெய். அதன்மேல் கழுவித் துடைத்த கேக் டப்பா. வழியில் பார்த்தபோது இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் பேசினோம்.

கியானுக்கு ஒதுக்கிய அறையில் ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தேன். சுவரோரத்து ரேடியேட்டர் மேல் ரொட்டி வாட்டலாம், உள்ளே விட்டால் சிங்கத்துக்கே வேர்க்கும்! பிறகு அணைத்துவிட்டேன். இருக்கிற எண்ணெய் நீங்கள் தங்கும் இரண்டு வாரத்துக்குச் சரியாக வரும். அதை நான் தொடப்போவதில்லை. அணைத்து வைத்திருப்பது உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால், "தனியா கிடந்தது போதும்டா, வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கிட்ட வந்துடு" என்று மூட்டை கட்டிவிடுவாள். அப்புறம் நீ வந்து இறங்க மாமா வீடு என்று ஒன்று இருக்காது.

தொட்டி மூடியைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். மூன்று ஸ்வெட்டர், மேலே ஓவர்கோட். துருவக் கரடிகள் என்னைப் பார்த்துச் சலாம் போடுகின்றன.

கியான் நூறாண்டு நன்றாக இருக்கட்டும். இருபதாம் தேதி வருவதாக எழுதியிருக்கிறாய். முடிந்தால் ஒரு வாரம் முன்னதாக வாம்மா. இங்கே கொஞ்சம் குளிருகிறது.

உன் மாமா,
ஃபெர்கஸ்