இறக்கை என்கிட்டதான் இருக்கு

ஏங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன், காலை டியூட்டி. உங்களை எழுப்பல. எழுப்பினா மறுபடியும் சண்டைதான் வரும்.

பாப்பாவை இன்னைக்கு ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. புருவத்துக்கு மேல போட்ட தையல்ல தண்ணி படக்கூடாது. சோறு குழைய வடிச்சு வெச்சிருக்கேன், சூடு பண்ணிக் குடுங்க.

நேத்து மாடியில நீங்க புதுசா வாங்கின கேமரா ட்ரோனைப் பறக்க விட்டப்போ இறக்கை கழண்டு அவ மேல பட்டதும், "நீ ஒழுங்கா மாட்டலை"ன்னு என்கிட்ட கத்துனீங்க. காலையில எடுத்துப் பார்த்தேன். மத்த மூணு இறக்கையும் அமுக்கித் திருப்பினா டக்குனு பூட்டிக்குது. இந்த ஒண்ணு மட்டும் சும்மா சுத்துது. உள்ள கொக்கி உடைஞ்சே வந்திருக்கு. நானும் தப்பு பண்ணல, நீங்களும் பண்ணல. கடைக்காரர்கிட்ட காட்டி மாத்தித் தரச் சொல்லுங்க.

"டேப் சுத்திட்டா போதும், சாயங்காலம் விளையாட்டு விழாவைப் படம் எடுத்துடலாம்"னு சொன்னீங்களே, அது வேண்டவே வேண்டாம். மைதானம் பூரா பிள்ளைங்க ஓடும். அதான் மத்த மூணு இறக்கையையும் கழட்டி என் பையில போட்டுட்டுப் போறேன். வீடு பூரா தேடாதீங்க. கோவம் வந்தா வரட்டும். கையில கேமராவை வெச்சே எடுங்க, எப்பவும் அப்படித்தானே எடுத்தீங்க.

கீழே இடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: "அப்பா ஏம்மா என்கிட்ட பேசவே இல்ல, கோவமா?"ன்னு பாப்பா நேத்து ராத்திரி என்கிட்ட கேட்டா. அவளுக்கு அடிபட்டதுல நீங்க பயந்து போயிட்டீங்கன்னு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதே. அவ கண்ணு முழிக்கும்போது பக்கத்துல இருங்க.