நீ பாட்டுக்குப் போய்விட்டாய், எத்தி

எத்தி, என் தம்பிப் பயலே,

உட்கார்ந்து எழுத முடியவில்லை. சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். ஒரு பத்தி எழுதுவேன். பால்கனிக்குப் போவேன். எதிர்மாடியில் காயும் துணிகளைப் பார்ப்பேன். திரும்பி வருவேன். நீ பார்த்தால், "இன்னாமே, காலுல சக்கரமா?" என்று கேட்டிருப்பாய்.

நாவல் இன்னும் முடியவில்லை. அதுதான் முதல் செய்தி.

பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த நான்கு பேர், முப்பது வயதைத் தாண்டியபின் பழவேற்காட்டில் கூடுகிறார்கள். படகில் ஏரிக்குள் போகிறார்கள். நடு ஏரியில் படகு சேற்றில் மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஏறும்வரை ஆளுக்கொரு கதை. வழுக்கை, தொப்பை, வீட்டுக்கடன், என் விவாகரத்து, எல்லாமே சிரிப்பாக. படிக்கிறவன் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட வேண்டும் என்று நீ அளவுகோல் வைத்தாய். உன்னைக் காமெடியனாகப் போடச் சொன்னாய். ஹீரோ என்றால் சட்டையைக் கழற்ற வேண்டும், இப்போது வயிறு ஒத்துழைக்காது என்றாய்.

நான், லலிதா, பஷீர், நீ. மற்ற மூவரின் கதைகளையும் எழுதிவிட்டு உன்னுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எந்தக் கதை என்பதில் சந்தேகமே இல்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முதலாண்டில் சில வாரங்களுக்கு ஒருமுறை நீ வகுப்பிலிருந்து காணாமல் போவாய். எங்கே போகிறாய் என்று கேட்டால், "ஊருக்கு. பாட்டுக்குப் போவணும்" என்பாய். லலிதா மூக்கின்மேல் விரல் வைத்தாள். இவ்வளவு அமுக்கமாக இருக்கிறானே, ஊரில் பெரிய பாட்டுக்காரன் போலிருக்கிறது. பஷீர் உன் அறைத் தோழன். அவன் ஒரு படி மேலே போய், துறை ஆண்டு விழாப் பாட்டுப் போட்டிக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டான்.

மேடையில் கூப்பிட்டார்கள். ஏறினாய். மைக்கைப் பிடித்தாய். "நான் சொன்னது அந்தப் பாட்டு இல்லீங்க" என்றாய்.

பிறகு விளக்கினாய். ஏரியில் எந்த இடத்தில் எந்த வீட்டார் எந்த நாள் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருக்கிற முறை. அந்த முறைக்குப் பெயர் பாடு. உங்கள் வீட்டுப் பாடு வரும் நாளில் நைனாவுக்கு இடுப்பு வலி என்பதால் நீ போகிறாய். அரங்கம் இதையும் நிகழ்ச்சி என்றே நினைத்துக் கைதட்டியது. இறங்கியிருக்கலாம். மைக்கை விட உனக்கு மனசில்லை. பாடினாய்.

என்ன பாட்டு என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. துறைத் தலைவர் போன் வந்ததுபோல எழுந்து வெளியே போனார். அவர் கையில் போன் இல்லை.

அன்றிலிருந்து எங்களுக்கு எல்லாமே பாடு. எந்தப் படத்துக்குப் போவது என்று சொல்ல ஒருவருக்குப் பாடு. கேன்டீனில் இடம் பிடிக்க, வராதவனுக்கு 'உள்ளேன்' சொல்ல. இன்றைக்கு யார் பாடு? உனக்கு ஒரே ஒரு விதிதான். யார் பாட்டையும் தாண்டிப் போகக் கூடாது.

போன ஐப்பசியில், மழையில், பொன்னேரி ரோட்டில். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு பைக்கில் வீட்டுக்குத் திரும்புகிற வழியில். அதற்குமேல் அதை எழுத வரவில்லை.

லலிதா போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. "இவன் பாட்டுக்குப் போயிட்டானேடி" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது.

அதன் பிறகு உன்னை நாவலிலிருந்து எடுத்தேன். படகில் மூன்று பேர். கதை ஓடியது. பதிப்பகத்தில் அதைப் படித்துப் பார்த்த பெண், சிரிப்பு வருகிறது, ஆனால் முன்பல் விழுந்த வாய் சிரிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். உன்னை மறுபடி உட்காரவைத்துப் பார்த்தேன். நீ பேச வாயெடுக்கும்போதெல்லாம் நான் எழுந்து பால்கனிக்குப் போனேன். மறுபடி எடுத்தேன்.

லலிதா எடுத்தது சரி என்றாள். சிரிப்பு நாவலில் செத்துப்போனவனை எப்படி வைப்பது? அதுவும் கோமாளியாக? அவன் பெண்டாட்டி கலா படித்தால் என்ன ஆவாள்? பஷீர் அதற்கு நேர்மாறு. அவனை எடுத்துவிட்டால் நான் அந்தப் புத்தகத்தை வாங்க மாட்டேன், ஓசியில் தந்தாலும் வேண்டாம் என்றான். எனக்கு இருவருமே சரி என்று பட்டது. அதுதான் தொல்லை.

அப்போது கலாவே கூப்பிட்டாள். "உங்க கூட்டம் எப்பக்கா வருது? அவுரு இட்டுகினு வரேன்னு சொல்லிகினே இருந்தாரு" என்றாள்.

போனோம் எத்தி. போன மாதம். ரயிலில் பொன்னேரி, பஸ்ஸில் பழவேற்காடு, பிறகு படகில் உன் ஊர். பஷீர் பெங்களூரிலிருந்து வந்தான். தலையில் முன்பக்கம் ஒன்றும் இல்லை, பின்னால் குடுமி. லலிதா திருச்சியில் வங்கி மேலாளர். எதைக் கேட்டாலும் கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிற குரலில் பதில் சொல்கிறாள். பஸ்ஸிலேயே பஷீர் ஒரு விதி போட்டான். யாரும் அழக் கூடாது. அழுகிறவர் ஊர் திரும்பும்வரை என் பையைத் தூக்க வேண்டும். அவன் பை மிகப் பெரியது.

கலா இப்போது பழவேற்காடு கடைத்தெருவில் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். உனக்குத் தெரியுமா? நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது டிவிக்குப் பக்கத்தில் இருந்த கப்பைக் காட்டி, அது காலேஜில் பாட்டுக்கு அவுரு வாங்கின பரிசு என்றாள். பஷீருக்குப் புரையேறியது. நண்டு ஓடு என்று நினைத்தோம். லலிதா முதுகில் தட்டினாள். அவன் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுக்குப் பின் உன் தம்பி சேகர் படகை எடுத்தான். கலாவும் ஏறிக்கொண்டாள். நாவலில் எழுதினபடியே போய்ப் பார்ப்போம் என்பது பஷீரின் ஆசை. அப்படியே நடந்தது. படகு சேற்றில் உட்கார்ந்தது. நான் நாவலில் இடுப்பளவு தண்ணீர் என்று எழுதியிருந்தேன். லலிதா பயந்து பயந்து புடவையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கணுக்கால். சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். தள்ள வேண்டாம், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வரும் என்றான்.

ஆகவே கதை. லலிதா, நகைக்கடனுக்கு அடகு வந்த ஒட்டியாணத்தைப் போட்டுப் பார்த்துக் கழற்ற முடியாமல் போன கதையைச் சொன்னாள். பஷீர், தலைமுடிச் சிகிச்சைக்குப் போன இடத்தில் மருத்துவரும் வழுக்கையாக இருந்ததைச் சொன்னான். நான், விவாகரத்து நாளில் நானும் அவரும் ஒரே ஆட்டோவில் திரும்பிவந்ததைச் சொன்னேன். சிரித்தோம். நல்ல சிரிப்புத்தான். அது முடிந்ததும் ஒரு இடைவெளி விழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. லலிதா அவசரமாக, "சரி, அடுத்த ரவுண்டு. நானே ஆரம்பிக்கறேன்" என்றாள்.

"இன்னாக்கா, தாண்டிப் போறீங்க?" என்றாள் கலா. "அவுரு பாடு இன்னா ஆச்சி?"

நான் சொல்லிவிட்டேன். கதையிலேயே அவன் இல்லை கலா, எடுத்துவிட்டேன், நீ படித்தால் கஷ்டப்படுவாய் என்று எடுத்தேன்.

அவள் சேகரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். நீ போன பின் உங்கள் வீட்டுப் பாடு வந்த நாளில், ஊரில் உன் பெயரைத்தான் கூப்பிட்டார்களாம். சேகர் 'ஆங்' சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போனானாம். அடுத்த சீட்டுப் போடும்வரை அது எத்திராஜ் பாடுதானாம்.

"ஊரே எடுக்கல," என்றாள். "நீங்க எடுத்துட்டீங்களா?"

கோபம்தான். ஆனால் என் மேல் மட்டும் இல்லை. இத்தனை மாதமாக அவளைப் பார்த்ததும் எல்லோரும் குரலை இறக்கிவிடுகிறார்களாம். கடைத்தெருவில், கல்லூரி அஞ்சலிக் கூட்டத்தில், சொந்தக்காரர் வீட்டில், எங்கே போனாலும் தங்கமான மனுஷன். "தங்கமாம் தங்கம். அந்தாளு பண்ண கூத்த சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல. நீங்க வந்தா சொல்லுவீங்கன்னுதானே கூப்பிட்டேன்?"

பஷீர் குடுமியை அவிழ்த்து மறுபடி முடிந்தான்.

"நீங்க கூப்பிடுங்க," என்றாள் கலா. பஷீர்தான் கூப்பிட்டான். "எத்திராஜ் பாடு."

"ஆங்," என்றாள் கலா. கால்களை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். உன் கதையை நீ சொல்கிற மாதிரியே சொன்னாள்.

ஆண்டு விழா. பாட்டுப் போட்டி. நீ பாடி முடித்ததும் அரங்கம் முழுக்க எழுந்து நின்றதாம். துறைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாராம். இன்னொரு பாட்டு என்று பொம்பளைப் பிள்ளைகள் கத்தினார்களாம். அதில் ஒருத்தி நான். முதல் பரிசு அந்தக் கப்பு.

பஷீர் சிரிக்க ஆரம்பித்தான். நிற்கவில்லை. படகு ஆடியது. "அது என் கேரம் கப்பு" என்றான். "காது ஒடைஞ்சு நான்தான் ஒட்டினேன். ரூம்ல காணாமப் போச்சு. ஒரு வருஷம் தேடினேன், இவனும் கூடவே தேடினான்."

லலிதா அவன் தொடையில் கிள்ளினாள். நாங்கள் கலாவைப் பார்த்தோம். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தி, அந்த நேரம் எனக்குப் படகிலிருந்து இறங்கி நடந்துவிடலாம் போலிருந்தது. கணுக்கால் தண்ணீர்தானே.

"இவுரு பாடினா வூட்ல பூன வெளில ஓடும்க்கா," என்றாள் கலா. "எனக்குத் தெரியாதா?"

அப்புறம் அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கினபோது கப்பை எடுத்துக்கொண்டு போகும்படி பஷீரிடம் சொன்னாள். அவன் தலையாட்டி மறுத்தான்.

"இருக்கட்டும்மா. பாடினது அவன்தான். பாடுபட்டது நாங்க."

சேகர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். பஷீர் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்தான், ஒரு முறை, மறுபடி ஒரு முறை. அவன் போட்ட விதியை முதலில் மீறியது அவன்தான். தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். தண்ணீர் எப்போது ஏறியது, படகு எப்போது மிதந்தது என்று எனக்குத் தெரியாது.

திரும்பிவந்த பிறகும் உட்கார முடியவில்லை. இது வேறு மாதிரி. அந்தக் கப்பை எதற்கு எடுத்தாய்? கலாவைப் பெண் பார்க்கப் போனபோது சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்ததா? பஷீரோடு சேர்ந்து தேடினாயே, கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது என்ன நினைத்தாய்? இல்லை, அன்று மேடையிலிருந்து இறங்கி வந்தபோது உனக்கு நிஜமாகவே எங்கேயோ வலித்ததா? நாங்கள் சிரித்தோம். நீயும்தான் சிரித்தாய். அதனால் கேட்கத் தோன்றவில்லை.

இதற்கெல்லாம் பதில் வராது. தெரிந்துதான் கேட்கிறேன். நடந்துகொண்டே கேட்கிறேன். பதில் தெரிந்தவனாக உன்னை எழுதப் போவதில்லை. கப்போடு நிற்கிறவனாக எழுதுவேன்.

நேற்று படகில் மறுபடி நான்கு பேரை ஏற்றினேன். இந்த முறை எழுந்து போகவில்லை. எழுந்துதான் இருந்தேன், ஆனால் போகவில்லை. கலாவைக் கூப்பிட்டு உன் அத்தியாயத்தின் முதல் வரியைப் படித்துக் காட்டினேன். 'எத்திராஜ் பாட்டுக்குப் போனான்.' எந்தப் பாட்டுக்கு என்று கேட்டாள். படிக்கிறவர்கள் பாடு என்றேன். மருந்துக் கடையில் யாரோ மாத்திரை கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கடைசி அத்தியாயம் உன்னுடையது. அதில் நீ சாக மாட்டாய், திருந்தவும் மாட்டாய். முழுப் பாட்டையும் பாடி முடிக்க விடுவேன். துறைத் தலைவர் வெளியே போகட்டும். கப்பு டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கும். இனி நாங்கள் எங்கே கூடினாலும் சுற்று வரும்போது உன் பெயரைக் கூப்பிடுவோம். தாண்டிப் போக மாட்டோம். 'ஆங்' சொல்ல யாராவது ஒருவர் எப்போதும் இருப்போம்.

உன்னைவிடச் சில மாதங்களே மூத்தவள் என்பதற்காக நீ ஆயுசு முழுக்கக் கிண்டல் செய்த,
உன் அக்கா
நிம்மி