தாழ்ப்பாள் வைக்காத தச்சர்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அம்மா இப்போது ஹிஞ்சவடியில் என் வீட்டில் இருக்கிறாள். எப்படிச் சம்மதித்தாள் என்று ஆச்சரியப்படுவீர்கள். அதைச் சொல்லவும், உங்களிடம் ஒன்று கேட்கவும்தான் இந்தக் கடிதம்.

பட்டாளத்தில் தச்சராக இருந்து ஓய்வுபெற்று, கட்கி பஜாரில் பட்டறை போட்டு, ஊருக்கெல்லாம் கதவு செய்தவர் நீங்கள். நீங்கள் பொருத்திய தாழ்ப்பாள் வெண்ணெயாக நகரும். அப்படிப்பட்டவர் சொந்த வீட்டுக் குளியலறைக்கு மட்டும் ஏன் தாழ்ப்பாளே வைக்கவில்லை?

அதற்குப் பதிலாக ஒரு சட்டம் போட்டிருந்தீர்கள். உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு வராவிட்டால் வாய்ப்பாடு சொல்லலாம். சத்தம் நின்றால் எங்கிருந்தாலும் உங்கள் குரல் வரும்: "சப் டீக்?" எல்லாம் சரிதானே என்று பட்டாளத்து இந்தியில் விசாரணை. "டீக் ஹை" என்று பதில் வரும்வரை விடமாட்டீர்கள். தலைக்குக் குளித்துக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்திய பெண் கட்கியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தோழிகள் வந்தால் மானம் போகும். ஏன்ப்பா என்று கேட்டால், "காத்து வரணும்ல" என்பீர்கள். தாழ்ப்பாளுக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு மண்டை குடையும்.

உங்கள் வருஷத் தெவசத்துக்கு தேஹு ரோட்டிலிருந்து சந்தானம் மாமா நம் கட்கி வீட்டுக்கு வந்திருந்தார். உங்களோடு ஒரே யூனிட்டில் இருந்தவர்தானே. குளியலறைக்குப் போனவர், தாழ்ப்பாளைத் தேடிக் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"கடைசிவரைக்கும் அவன் அத மறக்கலியா?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். பட்டாளத்தில் இருந்தபோது பனிமலையில் ஒரு குடில், உள்ளே கரி அடுப்பு. குளிருக்குப் பயந்து மாமா தாழ் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாராம். நீங்கள் வெளியே நின்று எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை. புகையில் மயங்கிக் கிடந்திருக்கிறார்.

"கதவச் செஞ்சவனும் அவன்தாம்மா, கோடாலியால ஒடச்சவனும் அவன்தான். லேசுல ஒடையல. நான் கண்ண முழிக்கிறேன், பக்கத்துல ஒக்காந்து அழுவுறான். 'எவ்ளோ நல்லா செஞ்சி வச்சிருக்கேன் பாருடா'ன்னு சொல்லிச் சொல்லி அழுவுறான்."

அம்மா வடைத்தட்டோடு நின்றிருந்தாள். "எங்கிட்டயும் காத்து வரணும்னுதான் சொன்னாரு" என்றாள்.

ஏன்ப்பா சொல்லவில்லை? எங்களைப் பயமுறுத்த வேண்டாமென்றா? மாமாதான் பிழைத்துவிட்டாரே, பிறகு எதற்கு எங்களுக்கு அத்தனை காவல்? ஊரார் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் பொருத்தும்போதெல்லாம் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

தனியாக இருக்காதே, என்னோடு வந்துவிடு என்று அம்மாவை அதுவரை கெஞ்சிப் பார்த்து ஓய்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் அவளே சொன்னாள்: "உன் வீட்டு பாத்ரூம் தாப்பாளக் கழட்டு, வரேன்." உங்கள் திருப்புளியை எடுத்துவந்துதான் கழற்றினேன். திருகு இருந்த ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். கோணல்தான், திட்டாதீர்கள்.

வந்த நாள் முதல் குளிக்கும்போதெல்லாம் அம்மாவின் பாட்டுதான். போன ஞாயிற்றுக்கிழமை அது பாதியில் நின்றது. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா?" என்றேன். பதில் இல்லை. "அம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன்.

குளித்து முடித்து, புடவை சுற்றிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"ஏம்மா பதில் சொல்லல? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"நிறுத்தினா உங்கப்பா கேப்பாருல்ல" என்றாள். "அதான் நிறுத்திப் பாத்தேன்."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். குரலை உங்களுடையதுபோலக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "சப் டீக்?" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளிருந்து பதில் வந்தது: "டீக் ஹை."

இனி இந்த வீட்டில் பாட்டு நின்றால் நான் கேட்பேன், அப்பா. பதில் வரும்வரை விடமாட்டேன்.

கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்
உங்கள் மகள்,
செல்வி