கறிவேப்பிலையைக்கூடச் சொன்னவன்

நீ என்னிடம் பொய் சொன்னாய். உன் மரண அறிவித்தலில் 'சடுதியாகக் காலமானார்' என்று போட்டோம். அதுவும் பொய்தான், ஆனால் அது நாங்கள் தெரியாமல் போட்டது. உன்னுடையது தெரிந்தே சொன்னது.

நேற்று உன் மடக்குச் சைக்கிளின் பையைத் திறந்தேன். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் உன் அறையில் கூட இருந்தவர் அறையை ஒழித்துக் கொடுக்கும்போது அதை என்னிடம் தந்தார். மூன்று மாதமாக என் கட்டிலின் கீழ் கிடந்தது. ரயிலில் கொண்டுபோன பிறகு நீ அதைக் கழுவவே இல்லை. சிப்பை இழுத்ததும் கருவாடும் மிளகாய்த்தூளும் சைக்கிள் சங்கிலி எண்ணெயும் ஒன்றாக மூக்கில் ஏறின. உன் அக்கா அந்தச் சைக்கிளைக் கேட்டிருந்தாள், அதற்காகத் துடைத்து வைக்கலாம் என்றுதான் திறந்தேன். உள்பொக்கற்றில் ஒரு கடிதம் நாலாக மடித்து இருந்தது. ஆஸ்பத்திரிக் கடிதம். இருதய இரத்தக் குழாய்களைப் பார்க்கும் சோதனைக்கு வரச் சொல்லி, வியாழக்கிழமை காலை ஒன்பதரை என்று எழுதியிருந்தது. நாங்கள் ரயில் ஏறிய அதே வியாழக்கிழமை.

ஒன்பதரைக்கு நாங்கள் எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஹமில்டனுக்குக் கிட்ட. நீ ஜன்னல் பக்கம் இருந்து முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். மஞ்சள் கரு தாடியில் ஒட்டியிருப்பதைச் சொல்லாமல் பத்து நிமிடம் பார்த்துச் சிரித்தேன்.

உன்னை முதலில் கண்டது வெயார்ஹவுஸில். என்னைவிட ஐந்து வயது மூத்தவன் என்று தெரிந்து அண்ணை என்று கூப்பிட்டேன். "அண்ணை கிண்ணை வேண்டாம், மச்சான் எண்டு சொல்லு. அண்ணை எண்டால் பிறகு நான்தான் உனக்குத் தேத்தண்ணி வாங்கித் தரவேணும்" என்றாய். உன்னைப்போல ஒரு பெரிய உடம்பு அந்தச் சின்னச் சில்லுச் சைக்கிளில் வருவதைக் கண்டு பெட்டி ஓடும் பெல்ற்றில் நின்ற முழு லைனும் சிரித்தது. சர்க்கஸ் கரடி என்று பெயர் வைத்ததே நான்தான். காலை நெரிசலில் சப்வேயில் சாதாரணச் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள், மடித்துப் பைக்குள் போட்டால் அது சைக்கிள் இல்லை, சாமான் என்று நீ விளக்கினாய். சப்வே முடியும் இடத்தில் விரித்து, வெயார்ஹவுஸ் வரைக்கும் மிதிப்பாய். முதல் ஷிப்ற்றுக்கு வரும் ஆட்களுக்காக அந்தப் பக்கம் ஒரு பஸ் விட வேண்டும் என்று இந்த நகரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதத்தில் நானும் ஒன்று வாங்கினேன். நகரத்தின் ஓரத்தில், ரூஜில், எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது. அம்மா சைக்கிளைக் கண்டதும் அதை அயலவர்கள் காணாமல் கராஜுக்குள் தள்ளச் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் கலியாண வீட்டுக்கும் சைக்கிளில் போன சனம், கனடாவில் சைக்கிளைக் கண்டால் கஷ்டப்பட்ட குடும்பம் என்று நினைக்கிறது. உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று அம்மா உனக்குப் புட்டும் மீன்குழம்பும் தந்துவிட்டு, எப்போது கார் எடுக்கப் போகிறாய் என்று கேட்டாள். நீ மூன்றாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டு, "கார் எடுத்தால் இப்பிடிப் பசிக்காது அன்ரி" என்றாய். அன்றிலிருந்து அம்மா உன் கட்சி.

அக்காவைப் பற்றிச் சொன்னது அதற்குப் பிறகுதான். எல்லைக்கு அந்தப் பக்கம், காரில் மூன்று மணித்தியாலத் தூரத்தில் அக்கா. பதினாறு வருஷமாக நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காணவில்லை. அவளுடைய அகதி வழக்கு முடியாததால் அவளால் அமெரிக்காவை விட்டு வெளியேற முடியாது. உனக்கு விசா இரண்டு தடவை மறுத்தார்கள். நயாகராவுக்குச் சுற்றுலா போகும் எங்கள் சனம் எல்லாம் எல்லையாக ஓடும் அந்த ஆற்றின் முன்னால் நின்று படம் எடுக்கிறது. நீ ஒருநாளும் வரமாட்டேன் என்றாய். அக்காவின் பக்கத்துக் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர உனக்கு மனம் இல்லை. இரண்டு அரசாங்கங்கள் ஒரு கடுதாசிக்காக ஒரு தாயின் பிள்ளைகளைப் பதினாறு வருஷம் பிரித்து வைத்ததை இங்கே யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. புரோசஸ் என்று சொல்வார்கள்.

விசா தேவைப்படாத கனடாப் பாஸ்போட் வந்த நாளில் நீ அதை வேலைக்குக் கொண்டுவந்து, மதியச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்தாய். யாரும் தொடுவதற்கு முன் கையைத் துடைக்க வேண்டும். நானோ நீயோ கார் ஓடுவதில்லை. பஸ்ஸில் போகலாம் என்றேன். நீ ரயில்தான் என்றாய், அதுவும் சைக்கிளோடு. முழுச் சைக்கிளை அந்த ரயிலில் ஏற்ற மாட்டார்கள், மடக்குச் சைக்கிள் என்றால் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோகலாம் என்று தொலைபேசியில் விசாரித்து வைத்திருந்தாய். ரொச்செஸ்ரரில் இறங்கி, பழைய கால்வாய்க் கரையால் மிதித்து, சாயந்தரத்துக்குள் அக்கா வீடு. லொறிக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒளித்து வந்த உனக்கு இந்த எல்லையை எப்படித் தாண்ட வேண்டும் என்று ஒரு படம் மனதில் இருந்தது. நான் இரண்டு வயதில் அம்மாவின் மடியில் விமானத்தில் வந்தவன். எனக்கு அது முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது.

அந்தப் பயணத்துக்குக் கிழமையைத் தெரிவு செய்தது நான். ஏஜென்சி அந்த ஒரு கிழமைதான் இரண்டு பேருக்கும் லீவு தந்தது. ஒக்ரோபரில் இருந்து ஒருவருக்கும் லீவு இல்லை. உன்னை நாடு நாடாகக் கடத்தி வந்தவனையும் ஏஜென்சி என்றாய், வேலைக்கு அனுப்பியவனையும் ஏஜென்சி என்றாய். இரண்டாவது ஏஜென்சி சட்டப்படி நடப்பது. உடம்புக்கு வருத்தம் என்று ஒருநாள் வேலைக்கு வராமல் நின்றால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

நேற்றிலிருந்து ஒரு விஷயம் என்னைக் குடைகிறது. ரிக்கெற் எடுத்து ஒரு கிழமைக்குப் பிறகு நீ ஒருமுறை கேட்டாய், பயணத்தை அடுத்த கிழமை வைப்போமா என்று. போர்க் லிஃப்ற் சத்தத்தில் நான் சரியாக முகம்கூடத் திருப்பவில்லை. லீவு மாற்ற முடியாது, ரிக்கெற் மாற்ற முடியாது, என்னடா உனக்கு என்றேன். "சும்மா கேட்டனான்" என்றாய். பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை.

அமெரிக்காவில் வருத்தம் வந்தால் வீட்டை விற்க வேண்டும் என்று அம்மா பயப்படுத்தியதால் பயணக் காப்புறுதிப் படிவத்தை நான் போனில் நிரப்பினேன். கேள்விகளை உனக்கு வாசித்தேன். கடந்த ஆறு மாதத்தில் நெஞ்சு வலி, மூச்சு எடுக்கக் கஷ்டம், இருதயச் சோதனை ஏதும் உண்டா. நீ சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாய். "இல்லை எண்டு போடு" என்றாய். பம்ப் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

பயணத்துக்கு முதல் நாள் உன் மாடியில் உள்ள அன்ரிமார் பார்சல்களோடு வந்துவிட்டார்கள். யாராவது எல்லை தாண்டினால் அவர்களின் பையில் வெற்றிடம் இருக்கக் கூடாது என்பது எங்கள் சனத்தின் சட்டம். மடித்த சைக்கிளில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சில்லுக் கம்பிகளுக்கு நடுவில் கருவாடு, பிரேமுக்கு இடையில் மிளகாய்த்தூள், சீற்றுக்குக் கீழே பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா. சைக்கிளைக் கராஜில் ஒளித்த என் அம்மாவே எங்கள் வீட்டுச் சாடியில் வளர்த்த கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி உன் பைக்குள் திணித்தாள். உன் அக்காவை அவளுக்குத் தெரியவே தெரியாது.

நயாகராவுக்கு அந்தப் பக்கம் எல்லாரையும் சாமானோடு இறக்கி வரிசையில் விட்டார்கள். சாப்பாட்டுச் சாமான் ஏதும் உண்டா என்று எல்லை ஆபீசர் கேட்டதும் நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திவிட்டாய். ஒவ்வொன்றாகச் சொன்னாய். உன் ஆங்கிலத்தில் ஒடியல் மாவை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் எடுத்தது. பனையைக் கையால் வரைந்து காட்டினாய். அந்த மனிதர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இது சைக்கிளா கடையா என்று கேட்டார். பின்னால் நின்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள். பார்சல்கள் எல்லாம் மேசையில் பரவிக் கிடக்க, கருவாட்டு வாசம் அந்த மண்டபம் முழுக்க எழும்ப, எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. கடைசியில் அவர் பையை மூடப்போகும்போது நீ அவரை நிறுத்தினாய். ஈரத்துணியைக் காட்டி, இதில் இலை இருக்கிறது என்றாய். பச்சை இலையை உள்ளே விட முடியாது என்று அதை மட்டும் எடுத்துக் குப்பைக்குள் போட்டார்.

திரும்ப ரயிலில் ஏறியதும் உன்னை ஏசினேன். அந்த மனிதர் காணவே இல்லை, நீயாகக் காட்டிக் கொடுத்தாய், விசர் என்றேன். நீ நெற்றி வேர்வையைத் துடைத்தாய். பாஸ்போட்டில் புதிதாக விழுந்த முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தாய்.

"மச்சான், நான் இந்த நாட்டுக்கு வரேக்க ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்த பேர், சொல்லித் தந்த ஊர், சொல்லித் தந்த தகப்பன். எத்தினை எல்லை எண்டு எண்ணேல்ல. எல்லா இடத்திலயும் பொய். ஒரு எல்லையிலயாவது கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லிப்போட்டுப் போகவேணும் எண்டு இருந்தது. நீ அதை விளங்கிக்கொள்ளத் தேவையில்லை. உனக்கு அந்த வருத்தம் இல்லை."

பஃபலோ வரைக்கும் உன்னைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கால்வாய்க் கரை மேடு பள்ளம் இல்லாத பாதை. அதில் நீ மூன்று தடவை இறங்கினாய். முதல் தடவை கொக்குப் பார்க்க. இரண்டாவது தடவை பை ஒரு பக்கம் சாய்கிறது என்று. சூரியன் இறங்குமுன் போக வேண்டும், கெதியாக மிதி என்று நான் முன்னால் நின்று கத்தினேன். நீ ஒரு கையை ஹாண்டிலில் ஊன்றிக் குனிந்து நிற்பதைப் படம் எடுத்து, 'கரடிக்கு மூச்சு வாங்குது' என்று எழுதி எங்கள் ஆட்களுக்கு அனுப்பினேன். நாற்பது பேர் சிரித்துப் பதில் போட்டார்கள். அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. அழிக்கப் போகும்போதெல்லாம், அதில் நீ சிரித்துக்கொண்டிருப்பதால் அழிக்க முடியவில்லை.

அக்கா கால்வாய்ப் பாலத்தடியில் நின்றாள். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நீ சொன்ன முதல் வார்த்தை: "கறிவேப்பிலையை அவங்கள் எடுத்துப் போட்டாங்கள் அக்கா." அவள் உன்னைப் பார்க்காமல் அந்தச் சின்னச் சைக்கிளைப் பார்த்தாள். "உதிலயோ வந்தனீ?" என்றாள். நான் உங்கள் இருவரையும் விட்டுவிட்டுக் கால்வாய் ஓரத்துக்கு நடந்து போய் நின்றேன். அங்கே நின்ற நாலு நாளும் அவள் உன்னை ஒரு பாத்திரம் கழுவ விடவில்லை. நீ சோபாவில் படுத்துக்கொண்டு, பெரிய மாப்பிள்ளை மாதிரித் தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த நாலு நாளை உனக்கு நான் குறை சொல்லவில்லை. அது உனக்குக் கிடைக்க வேண்டியது.

ஜனவரியில் மூன்றாம் லைனில் பலகைத் தட்டுகளின் மேல் நீ குந்தியிருந்தாயாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அதைச் சம்பளமில்லாத இடைவேளையாகக் கணக்கெடுப்பேன் என்று சுப்பவைசர் சொன்னானாம். நீ எழும்பி இன்னும் ஆறு பெட்டி தூக்கிவிட்டு விழுந்தாயாம். நான் கட்டடத்தின் மற்றப் பக்கம் இருந்தேன். ஓடி வந்தபோது உன்னை அம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

கடிதத்தின் ஓரத்தில் உன் கையெழுத்தில் 'பெப்ரவரி' என்று எழுதியிருக்கிறது. தவறவிட்ட சோதனைக்கு அவர்கள் கொடுத்த அடுத்த மாதம் அதுதான் என்று நினைக்கிறேன். இந்த நாட்டில் வரிசையில் இருந்து ஒருமுறை விலகினால் திரும்பக் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்து, கடிதத்தை வாசித்துக் காட்டினேன். திகதியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். பிறகு மெல்லக் கேட்டாள், "அவன் உன்னட்டையும் சொல்லேல்லையோ?" இல்லை அக்கா என்றேன். அவள் நம்பினாளா தெரியாது. கூட வந்தவன் நான். நாலு நாள் ஒரே அறையில் படுத்தவன் நான். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது லைனில் யாராவது மூச்சு வாங்கினால் விடமாட்டேன். என்ன செய்கிறது, எப்போதிருந்து, டொக்ரரிடம் போனாயா என்று முகத்துக்கு நேரே கேட்கிறேன். உண்மை வரும் வரைக்கும் பெல்ற்றை நிறுத்தி வைக்கிறேன். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் தந்துவிட்டார்கள், மூன்றாவதோடு அனுப்பிவிடுவார்கள். தாற ஆட்கள் தரட்டும்.

ஆனால் உன்னிடம் அப்படிக் கேட்கவில்லை. அந்தக் கரையில் நீ மூன்றாவது தடவை இறங்கியபோது நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு உன்னிடம் வந்தேன். என்ன மச்சான் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, நீ முன்னால போ, நான் வாறன்" என்றாய். நான் போனேன்.

முன்பின் தெரியாத ஆபீசருக்கு இலையைக்கூட எடுத்துக் காட்டினாய். என்னிடம் மறைத்தாய். நான் ரிக்கெற்றைக் கிழித்திருப்பேன் என்று பயமா, கிழிக்க மாட்டேன் என்று பயமா? இந்த முறை நான் முன்னால் போக மாட்டேன். என்ன செய்தது உனக்கு, சொல்லு.